இடது கையால் எறிந்தவள்

1. வேலைநிறுத்தத்தின் நான்காம் நாள், பிற்பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் சங்கு ஊதியது.
2. வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.
3. அம்மா கடையைத் திறந்தாள்.
4. கால் மணி நேரத்தில் ஊர்வலம் வந்து கடையை உடைத்தது.
5. ஓர் ஆள் கடப்பாரையால் அடித்ததில் அம்மாவின் வலது முன்கை எலும்பு முறிந்தது.
6. அதே ஆளின் இடது காதை ஒரு சோடா பாட்டில் கிழித்தது.
7. பாட்டிலை எறிந்தது தான்தான் என்று அம்மா காவல் நிலையத்தில் சொன்னாள்.
8. எறிந்தது நான்.

இப்படி வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு ஒன்றை ஒழுங்காக யோசிக்க வரும். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் மெக்கானிக்கல் படித்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஓர் இயந்திரம் உடைந்தால் முதலில் என்ன நடந்தது என்று எழுதவேண்டும், ஏன் நடந்தது என்பதை அதற்குப் பிறகு எழுதவேண்டும். ஏன் என்பதை இனிமேல் எழுதுகிறேன். யார் பெயரையும் போடப்போவதில்லை.

எங்கள் கடை மந்தாரக்குப்பம் கடைவீதியில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே மூலையில் இருந்தது. முன்பு நாங்கள் இருந்த ஊர் இப்போது நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கத்துக்குள் இருக்கிறது. நிலம் வைத்திருந்தவர்கள் நிலத்தைக் காட்டி இழப்பீடாக எதையாவது கேட்க முடிந்தது. எங்களுக்குக் காட்ட நிலம் இல்லை. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போனவர்கள். அப்பா நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே மஞ்சள்காமாலையில் செத்துப்போனார். அம்மா ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கடைவீதிக்கு வந்தாள்.

கூடையோடு வந்த முதல் வாரத்தில் அவளை மூன்று பேர் அடித்தார்கள். நிறுவனத்தின் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாசலில் கூவி விற்கப் போனபோது ஒரு காவல்காரர் தடியால் கூடையைத் தட்டிவிட்டார். பலாச்சுளை எல்லாம் மண்ணில் போயிற்று. கடைவீதியில் ஒரு மளிகைக்காரர் தன் கடைக்கு முன்னால் உட்கார்ந்ததற்காகத் தலைமயிரைப் பிடித்து இழுத்துவிட்டார். மூன்றாவது ஆள், கடைக்குக் கடை இனாம் வாங்கித் தின்றுகொண்டு திரிந்த ஒரு ரவுடி. கூடையில் இருந்ததில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதியில் காலை வைத்து மிதித்தான். எனக்கு அப்போது ஏழு வயது. மூன்றையும் பார்த்தேன். அடித்தவர்களுக்கு அவள் மேல் கோபமே இல்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. வழியில் கிடந்த கல்லைத் தள்ளுவதுபோல அடித்தார்கள்.

அந்த மூலை காலியாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மழை பெய்தால் கடைவீதியின் தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து நிற்கும். அம்மா சாம்பலும் செங்கல் துண்டும் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி அதை மேடாக்கினாள். ஒரு வருடம் ஆயிற்று. மேடான பிறகு எல்லோருக்கும் அந்த இடம் பிடித்துப்போயிற்று.

கடை எப்படி ஓடியது என்பதையும் சொல்லவேண்டும். டவுன்ஷிப்பில் சம்பளக்காரர்கள் பண்டகசாலையில் மாதச் சாமான் வாங்கினார்கள். மூட்டையாக, டின்னாக. காண்ட்ராக்ட் ஆட்களால் அப்படி வாங்க முடியாது. அன்றைக்கு வேலை இருந்தால் அன்றைக்குச் சாமான். ஒரு வேளைக் குழம்புக்கு வேண்டிய எண்ணெய், நான்கு மிளகாய், ஒரு துண்டுப் புளி, பாதி சோப்பு. பாதி சோப்பைப் பெரிய கடைக்காரர்கள் விற்கமாட்டார்கள். அம்மா கத்தியைச் சூடுபண்ணிச் சோப்பை நான்காக வெட்டி வைத்திருப்பாள். எங்கள் கடை அந்த வெட்டில்தான் நின்றது. கடை முன்னால் மரப்பெட்டிகளில் கோலி சோடா. அதை உள்ளே ஒரு கை இயந்திரத்தில் நாங்களே அடைத்தோம். வருடத்துக்கு நாலைந்து பாட்டிலாவது அடைக்கும்போது வெடிக்கும். அம்மாவின் கழுத்திலும் தாடையிலும் கண்ணாடி கீறிய தழும்புகள் உண்டு. எனக்குப் புருவத்தில் ஒன்று.

கடைக்கு மணி என்று ஒன்று தனியாகக் கிடையாது. சங்குதான் மணி. ஷிப்ட் விடும் சங்கு ஊதினால் பலகைகளைக் கழற்றி வைப்பாள். கூட்டம் ஓய்ந்தால் நான்கு பலகைகளை மாட்டிவிட்டு உள்ளே சாய்ந்துகொள்வாள். எங்கள் ஊரில் எல்லாமே அப்படித்தான். அரிசி களைவது, குழந்தைக்கு மருந்து கொடுப்பது, பஸ்ஸுக்குக் கிளம்புவது, எல்லாம் சங்கைக் கேட்டுத்தான். கடிகாரம் வைத்திருந்தவர்கள்கூடச் சங்கைக் கேட்டுத்தான் முள்ளைத் திருப்புவார்கள்.

காண்ட்ராக்ட் ஆட்கள் வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று கடைவீதியும் கடையடைத்தது. பாதிப் பேர் ஆதரவால், பாதிப் பேர் பயத்தால். அம்மா முதல் வகை. வாங்குகிறவர்கள் அவர்கள்தானே. மூன்று நாள் சங்கு ஊதவில்லை. மூன்று நாளும் ஊர் பொழுது தெரியாமல் கிடந்தது. அம்மா பலகைகளுக்கு உள்ளே உட்கார்ந்து, தெரிந்த பெண்கள் வந்து பலகையைத் தட்டினால் இடுக்கு வழியாக மிளகாயும் உப்பும் கொடுத்தாள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. எப்போதையும்விடச் சற்று மெல்லிய ஓசை. காற்று மாறியடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "என்னாடி இது? ஊதிட்டானுங்க?"

"முடிஞ்சிடுச்சும்மா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லவேணாம். சங்கு ஊதணும்னா நீராவி வேணும். நீராவி வேணும்னா பாய்லர்கிட்ட ஆள் வேணும். ஆள் வந்திருந்தா வேலைக்குத் திரும்பிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

"ஒருவாட்டி வெளிய போயி பாத்துகினு வாயேன்."

"இதுல பாக்க என்னம்மா இருக்கு?"

அந்தப் பதில் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. போய்ப் பார்த்திருந்தால் கடைவீதி வளைவு வரை இருநூறு அடி நடை. நான் போகவில்லை. பாடத்தில் படித்த நீராவிச் சங்கை மனதில் வைத்து ஒன்றிலிருந்து ஒன்றாக நான்கு படி இறங்கி வந்து, முடிவு சரி என்று நினைத்துவிட்டேன். மின்சாரத்தில் ஓடும் புதிய சங்கு ஒன்றை மாட்டியிருந்தார்களாம். அதை அன்று சோதித்தார்களாம். கண்ட நேரத்தில் ஊதினால் விபத்து என்று ஜனங்கள் பயந்து ஓடுவார்கள் என்பதால், வழக்கமான இரண்டு மணிக்கே ஊதிப் பார்த்தார்களாம். இதெல்லாம் எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அம்மா பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். சோடாப் பெட்டிகளை முன்னால் இழுத்துப் போட்டோம். கடைவீதியில் வேறு எந்தக் கடையும் திறக்கவில்லை. சோம்பேறிகள், தூங்குகிறார்கள் என்று அம்மா சிரித்தாள்.

ஊர்வலம் வளைவில் திரும்பியது. முன்னால் பெண்கள், பின்னால் ஆண்கள், நானூறு பேராவது இருக்கும். நான்கு நாளாக வேலையில்லாதவர்களின் முகம் எல்லாவற்றிலும். திறந்திருந்த ஒரே கடை எங்களுடையது. எல்லோரும் நின்றுவிட்டார்கள். அம்மாவிடம் தினமும் பாதி சோப்பு வாங்கும் ஒரு பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏய், நம்ம வவுத்துல மண்ண போட்டுகினு இவளுக்கு யாவாரம் கேக்குது பாரு!"

"இல்லம்மா, சங்கு ஊதிச்சே..." என்று அம்மா சொல்லிமுடிப்பதற்குள் முதல் கல் வந்தது.

அதற்குப் பிறகு எது முன்னால் எது பின்னால் என்று என்னால் வரிசைப்படுத்த முடியவில்லை. எண்ணெய் டின் கவிழ்ந்தது. மிளகாய்ச் சாக்கைக் கிழித்து வீசினார்கள். காற்றெல்லாம் நெடி, எல்லோரும் இருமினார்கள், இருமிக்கொண்டே உடைத்தார்கள். சோடாப் பெட்டி ஒன்றைத் தூக்கிச் சாலையில் அடித்தபோது பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஒரு பெண் தராசுத் தட்டைப் பிடுங்கி அதனாலேயே கண்ணாடி ஜாடிகளை நொறுக்கினாள். அம்மா கடையின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். கையை விரித்தால் கடையை மறைத்துவிடலாம் என்பதுபோல.

கடப்பாரையோடு வந்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பழைய ஊர்க்காரர். வாய்க்கால் வெட்டும் காண்ட்ராக்டில் வேலை. அம்மாவை அக்கா என்பார். நான் அவரை மாமா என்பேன். தினமும் காலை ஷிப்ட் விட்டதும் உப்புப் போட்ட சோடா குடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். அவர் அம்மாவை அடிக்க வந்தார் என்று இப்போதுகூட நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். கூரையைத் தாங்கும் கம்பத்தைப் பெயர்க்கத்தான் ஓங்கினார். அம்மா குறுக்கே கையை நீட்டினாள். பச்சை விறகு முறிவதுபோல ஒரு சத்தம். கை முழங்கைக்குக் கீழே, வளையக்கூடாத இடத்தில் வளைந்தது.

அவர் நிறுத்தவில்லை. கடப்பாரையை மறுபடியும் தூக்கினார்.

நான் அம்மாவுக்குப் பின்னால் பெட்டியோடு ஒண்டிக்கொண்டிருந்தேன். கையில் கிடைத்த பாட்டிலை எடுத்து, அம்மாவின் தோளுக்கு மேலே அவர் தலையைக் குறிபார்த்து எறிந்தேன். பயத்தில் எறிந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. எட்டடி தூரம், தலை இவ்வளவு உயரம் என்று மனதில் அளவு ஓடியது. கொல்லவேண்டும் என்றுதான் எறிந்தேன். அவர் முகத்தைத் திருப்பியதால் காதோடு போயிற்று. காதின் மேல்பாதி கிழிந்து தொங்கியது. சட்டையெல்லாம் ரத்தம்.

அடுத்த நொடி அம்மா செய்ததை நான் மட்டும்தான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். ஒடிந்த கையை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, குனிந்து, இடது கையால் இன்னொரு பாட்டிலை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"வாங்கடா! அடுத்தது எவன்?"

கூட்டம் பின்வாங்கியது. கூட்டம் கண்ணால் கண்டது அதைத்தான்: காது கிழிந்த ஆள், பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அம்மா. நான் அவள் முதுகுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் இருந்தேன். பிறகு போலீஸ் வண்டி வந்தது. தடியடியில் சிலர் ஓடினார்கள், சிலர் விழுந்தார்கள். கர்ப்பிணி ஒருத்தி எங்கள் கடைக்குள்ளேயே வந்து ஒளிந்துகொண்டாள். எங்கள் கடையை உடைத்துக்கொண்டிருந்தவள்தான். அம்மா அவளைச் சாக்குக்குப் பின்னால் தள்ளினாள்.

காவல் நிலையத்தில், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்கு முன்பே கேட்டார்கள்.

"பாட்டில் எறிஞ்சது யாரும்மா?"

"நான்தாங்க."

"கை ஒடிஞ்சு தொங்குது. எந்தக் கையால எறிஞ்ச?"

"இன்னொரு கை இருக்குதுல்லங்க?"

எழுதிக்கொண்டிருந்த காவலர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. "உன்னைய அடிச்சது?"

"கூட்டமா இருந்துச்சுங்க. மூஞ்சி தெரியல."

நான் வாயைத் திறந்தேன். அம்மா தன் குதிகாலை என் பாதத்தின் மேல் வைத்து முழு எடையையும் இறக்கினாள். நகம் பெயர்ந்துவிட்டது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். வேலைவாய்ப்பு அலுவலகம் மூலமாக எனக்கு நேர்முகத் தேர்வு முடிந்து, நிறுவனத்தின் பணிமனையில் இடம் கிடைத்திருந்தது. பாக்கியிருந்தது ஒன்றே ஒன்று, போலீஸ் விசாரணை. என் நடத்தையைப் பற்றி எழுதிக் கேட்கும் காகிதம் அந்தக் காவல் நிலையத்துக்குத்தான் வரவேண்டும். அந்த மேசைக்குத்தான்.

சோடா இயந்திரத்தையும் மீதிப் பாட்டில்களையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு நாங்கள் சோடா அடைக்கவே இல்லை.

வேலைநிறுத்தம் ஒருவழியாக முடிந்த பிறகு வியாபாரிகள் கூட்டம் போட்டார்கள், ஜவுளிக்கடைக்குப் பின்னால் இருந்த கூடத்தில். காலை பத்து மணி. வியாபாரிகள் முப்பது பேர், எல்லோரும் ஆண்கள். அம்மா கையில் மாவுக்கட்டோடு போனாள். நான் கூடப் போனேன். காதில் கட்டோடு அவரையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

ஜவுளிக்கடைக்காரர்தான் வியாபாரிகள் சங்கத் தலைவர். தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து பெரிதாக வளர்ந்தவர். மென்மையாகப் பேசுவார்.

"இங்க பாரும்மா, யாவாரம்னா நாலு பேரு நம்பி வந்து போற எடம். அங்க ரத்தம் விழுந்துபோச்சு. நீ அந்த எடத்த விட்டுட்டு உள்பக்கமா எங்கயாச்சும் போயிக்கிடு. அந்த மூலையில சங்கமே பாத்து நல்லதா ஒரு கடை வைக்கட்டும்."

நல்லதாக ஒரு கடை வைக்கப்போகிறவர் அவருடைய மைத்துனர் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பின்னாலிருந்து ஒருவர், "அது சோடாக்கடையா, சண்டைக்கடையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெண்டும்தான். ஒனக்கு எது வேணும் சொல்லு, பொட்டலம் கட்டித் தரேன்" என்றாள் அம்மா.

சிரிப்பு பாதியில் நின்றது.

தலைவர் காதில் கட்டுப்போட்டிருந்தவரைப் பார்த்தார். "நீ சொல்லுய்யா. ஒன்னைய அடிச்சது இந்தம்மாதானே?"

அவர் முதலில் என்னைப் பார்த்தார். நன்றாக, நேராகப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பணிமனை, சம்பளம், நான்கு சுவர் உள்ள ஒரு குவார்ட்டர்ஸ், எல்லாம் அந்த மனிதரின் நாக்கில் இருந்தது.

"அக்காதாங்க" என்றார். "எடது கையால."

அம்மா எழுந்து நின்றாள்.

"என் மேட்டுல இருந்து என்னய எடுக்கணும்னு நெனைக்கிறவங்க கையத் தூக்குங்க. யாரு யாருன்னு பாத்து வச்சிக்கறேன்."

முப்பது பேர். ஒருவரும் தூக்கவில்லை. சிலருடைய கண் அந்தக் கட்டுப்போட்ட காதுக்குப் போய் வந்தது. தலைவர் ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அதை முழுவதும் குடித்தார். வழக்கு வேண்டாம் என்று அம்மாவும் அவரும் காவல் நிலையத்தில் ராஜி எழுதிக் கொடுத்தார்கள். கடை அங்கேயே இருந்தது.

சில மாதம் கழித்து அவரைப் பஸ் நிறுத்தத்தில் தனியாகப் பிடித்தேன். எனக்கு வேலை உத்தரவு வந்திருந்தது.

"மாமா, அன்னைக்கி ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்பிடி?"

"அம்மா எறிஞ்சாங்கன்னு."

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "ஒங்கம்மாவுக்கு எடது கையில ஒழுங்கா சோறு திங்க வருமா? எட்டடி தூரத்துல காது மேல எறிஞ்சிருவாளா? நீ எறிஞ்சத பாத்துகினுதான இருந்தேன்."

"அப்ப ஏன்?"

"ஒன்ன இழுத்தா நீ கோர்ட்டுல வாயத் தொறப்ப. படிச்ச புள்ள. கடப்பாரை எவன் கையில இருந்துச்சின்னு மணி, நிமிஷம் எல்லாம் வரிசையா ஒப்பிப்ப. ஒங்கம்மா தொறக்கல. அவ ஸ்டேசன்ல என் பேரச் சொல்லலன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். அவ சொல்லல, நானும் சொல்லல. அவ்ளோதான்." ஒரு இழுப்பு இழுத்தார். "நல்லவன்னு நெனச்சிகினியா என்ன? போ, ஷிப்டுக்கு நேரமாச்சி."

நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏறி, கூச்சத்தோடு உட்கார்ந்தேன்.

கடை முன்னைவிட நன்றாக ஓடத் தொடங்கியது. இதை மறைக்க எனக்கு மனமில்லை. கடையை உடைத்தவர்களே வந்து வாங்கினார்கள். தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள், ஆனால் வந்தார்கள். ஓசியில் எடுத்துத் திரிந்த அந்த ரவுடி எங்கள் மூலைக்கு முன்னால் வந்ததும் சாலையின் மறுபக்கம் மாறிப் போனான். அடுத்த கடையில் அவன் ஒரு கட்டு பீடியை எடுத்துக்கொண்டு நடப்பதை அம்மா வெறுமனே பார்த்தால் போதும், அவன் கை தானாக அதைத் திருப்பி வைக்கும். வேலைக்குப் போகும் பெண்கள் எங்கள் கடையில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அங்கே நின்றால் யாரும் சீண்டமாட்டார்கள். காத்திருந்தவர்கள் வாங்கினார்கள். காடாம்புலியூரிலிருந்து பலாவும் முந்திரியும் கொண்டுவருகிறவர்கள், வேறு கடைகளில் பணத்துக்கு இழுத்தடிப்பார்கள் என்று எங்களிடமே இறக்கினார்கள். கிராமத்துக் கடைத்தெருவில் ஒரு பெண் தனியாகக் கடை வைக்க என்னென்ன வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், இடம், சரக்கு, வாடிக்கை என்று மூன்றைச் சொல்லிவிட்டு நான்காவதைச் சொல்லாமல் விடவேண்டியிருக்கும். நான்காவது, நீ ஒருமுறை ஒருவரை ரத்தம் வர அடித்தாய் என்று ஊர் நம்பவேண்டும்.

அந்த நம்பிக்கையை அம்மா பராமரிக்கத் தொடங்கினாள். முதலில் வாயால் மட்டும்தான். பிறகு குடித்துவிட்டு வந்து கடைமுன் உளறிய ஒருவரைக் கன்னத்தில் அறைந்தாள். பிறகு தராசுத் தட்டை எடுத்து ஒருவருடைய முழங்கையில் அடித்தாள், கீழே கிடந்த வெல்லத்தை எடுத்ததற்காக. வலது கை சரியாகக் கூடவில்லை. எல்லாவற்றையும் இடது கையால் செய்யப் பழகிக்கொண்டாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் இருந்தேன். வளையமாதேவிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், இளவயது, கூடையில் வெண்டைக்காய் வைத்துக்கொண்டு எங்கள் மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மா இரண்டு முறை எழுந்திருக்கச் சொன்னாள். அவள், "செத்த நேரம்மா, வித்துட்டுப் போயிடறேன்" என்றாள். அம்மா இறங்கிப் போய்க் கூடையை உதைத்தாள். வெண்டைக்காய் சாலையில் சிதறியது. அந்தப் பெண் பொறுக்கக் குனிந்தபோது அவளுடைய தலைமயிரைப் பிடித்தாள்.

நான் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிரித்துவிட்டேன். அந்தப் பெண் பாதிக் காயை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒருவர்கூட அசையவில்லை. சிலர் முகத்தில் ஒரு மரியாதைகூடத் தெரிந்தது.

உள்ளே வந்ததும் சொன்னேன். "இதோட நிறுத்தும்மா. இல்லாட்டி அன்னைக்கு எறிஞ்சது யாருன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்."

"சொல்லு. சொல்லிப் பாரு."

"நீ அன்னைக்கு யாரையும் அடிக்கல. எறிஞ்சது நீ இல்லன்னு தெரிஞ்சா..."

"தெரிஞ்சா என்னாடி ஆவும்? நாளைக்கே அந்த ஜவுளிக்காரன் மச்சான் வந்து என் மேட்டுல ஒக்காந்துப்பான். அந்தக் கழிசடை மறுபடியும் வந்து கடையில கைய வைப்பான். ஒன் வேல போவும். வேல போயி நீயும் நானும் கூடைய தூக்கிகினு எந்த வாசல்ல போயி நிக்கறது?"

"அந்தப் பொண்ணு என்னம்மா பண்ணுச்சு?"

அம்மா தராசுக்குப் பக்கத்தில் இருந்த அரைக் கிலோ படிக்கல்லை இடது கையால் எடுத்து என் மேல் எறிந்தாள். தோள்பட்டையில் பட்டது. சரியாகக் குறிவைத்துத்தான் எறிந்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் தூக்கிவிட வந்தாள், பாதியில் நின்றாள், திரும்பிப்போய்க் கடையில் காத்திருந்த ஒருத்திக்குப் பாதி சோப்பு எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வெண்டைக்காய்ப் பெண்ணை இரண்டு ஞாயிறு தேடினேன். கடைவீதிப் பக்கமே அவள் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு தேடவில்லை.

இப்போதைய நிலை இது. கடை அதே மேட்டில் இருக்கிறது. கூரைக்கு ஓடு போட்டிருக்கிறோம். நான் பணிமனையில் பெர்மனென்ட். அம்மாவின் வலது கை இன்னும் முழுதாகத் திரும்பாது. காது கிழிந்தவர் வாரத்தில் நான்கு நாள் வந்து பீடி வாங்குகிறார். அம்மா அவருக்கு முகம் பார்க்காமல் எடுத்துக் கொடுக்கிறாள். பாட்டிலை எறிந்தது அம்மா என்றுதான் கடைவீதி இன்னும் நம்புகிறது. எங்கள் மேட்டின் ஓரத்தில் கூடைக்காரிகள் யாரும் உட்காருவதில்லை.